மேஸ்திரிக்குப் புண் இல்லை

நாய்க்கு வந்த வியாதியை நான் முதலில் நம்பவில்லை. நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன். கையை விட்டுப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் நாயின் மூக்கில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியபோது, "எங்கயாவது சுவத்துல உரசியிருக்கும்" என்றேன். காதில் வந்தபோது, "காதையும் உரசியிருக்கும்" என்றேன். நாலு காலின் அடியிலும் தோல் வெடித்து, நடக்க மாட்டாமல் மூக்கைத் தரையில் ஊன்றிப் படுத்துவிட்டபோது என் வீட்டுக்காரி கேட்டாள்:

"இப்ப சொல்லுங்க. உள்ளங்காலை எந்தச் சுவத்துல உரசுச்சு?"

நான் நாயின் காலை எடுத்துப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டேன். அவள் முன்னால் தோற்றுப்போவது எனக்குப் புதிதும் இல்லை.

நாயின் பெயர் மேஸ்திரி. ஒரு வீடு கட்டுகிற இடத்தில் மணல் குவியல்மேல் படுத்துக்கொண்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த நாய் அது. நான் குழாய் பதித்து முடித்துக் கிளம்பிய அன்று, போட்ட வேலையை ஒரு சுற்று சுற்றி மோந்து பார்த்தது. ஒரு கொட்டாவி விட்டது. என் சைக்கிளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. ஒன்பது வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால் நாயைப் பிள்ளை மாதிரி வளர்த்தோம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாயை நாயாகத்தான் வளர்த்தோம். பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு செல்லம் கொடுத்திருக்க மாட்டோம்.

மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே சின்ன டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். பொருக்கைக் கிள்ளிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னாள்:

"தாத்தா, இது அழுக்கு இல்ல, தொத்தும் இல்ல. வெளியில இருந்து வர்ற கிருமியை அடிக்க உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்க இல்லையா? அவங்க ஆள் தெரியாம சொந்தத் தோலையே போட்டு அடிக்கிறாங்க."

"காவலுக்கு வச்ச ஆளே வீட்டுக்காரனை அடிக்கிறானா?"

"அதேதான்."

அந்த நிமிஷம் எனக்கு வியாதியில் நம்பிக்கை வந்துவிட்டது. இப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்று நம்புவதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. நாலு ஆபீஸ் ஏறி இறங்கியிருந்தால் போதும்.

மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அந்தக் காவல்காரர்களைக் கொஞ்சம் கண்ணயர வைக்கிற மாத்திரை. தினம் ஒன்று. கையில் உறை போட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். காவல் அயர்ந்திருக்கிற உடம்பு என்பதால் மற்ற நோய்ப்பட்ட மிருகங்கள் கூடுகிற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டென்று நிறுத்தக் கூடாது.

"நிறுத்தினா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"முன்னைவிட மோசமாத் திரும்பும்மா. உயிருக்கே ஆபத்து."

இரண்டு மாதத்துக்கு மாத்திரை கிடைத்தது. என் வீட்டுக்காரி கறித்துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து வைப்பாள். மேஸ்திரி கறியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தரையில் துப்பிவிட்டு எங்களைப் பார்க்கும். மறுபடி வாய்க்குள் போடுவோம். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்தது. ஒரு மாதத்தில் மயிர் முளைத்தது. இரண்டாம் மாதம் வாசல்வரை நடந்துபோய், தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்களை நின்று மேற்பார்வை பார்த்தது. அன்று என் வீட்டுக்காரி அழுதாள். நான் குழாய் சாமானைத் தேடுவது போல் உள்ளே போய்விட்டேன்.

பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போது, அடுத்த மாதத்துக்கு வாங்கிவரலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் கதை ஆரம்பம்.

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற சன்னல் என் இடுப்பு உயரத்தில் இருக்கும். உள்ளே இருக்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் இரண்டாக மடிய வேண்டும். முதுகு பிடிக்காமல் அங்கே யாரும் மருந்து வாங்கியதில்லை. இந்த முறை முதுகு பிடித்தும் மருந்து கிடைக்கவில்லை.

"இது இனிமே என் கையில இல்லைங்க" என்றார் சன்னல்காரர். "குழு போட்டுட்டாங்க. மாடிக்குப் போங்க."

மாடியில் புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். 'நோய் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் மருந்துகளின் வழங்கலை மட்டுப்படுத்தும் குழு.' பெயர் ஒரு சுவரில் கொள்ளாமல் மூலையில் திரும்பி அடுத்த சுவருக்குப் போயிருந்தது. 'குழு' என்ற கடைசிச் சொல் கழிவறைக் கதவுக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

"அங்க போயி நிக்காதீங்க" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. "நான் ரெண்டு நாள் அந்தக் கதவைத் தட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் மடியில் ஒரு பூனை. இரண்டு காதும் புண். அதே வியாதி. ஆறு வாரமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். ஒரு மாத்திரைகூடப் பார்த்ததில்லை. ஊர் உலகத்தில் எல்லாரும் அவளைப் பூனைக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்றும், இப்படியே போனால் அந்தப் பெயர் ரொம்ப நாளைக்கு நிலைக்காது என்றும் சொன்னாள்.

குழுவின் செயலாளர் மேஜையில் மூன்று பேனா வைத்திருந்தார். மூன்றையும் திறந்து பார்த்து, நாலாவதை என்னிடம் கேட்டு வாங்கி எழுதினார்.

"நோய் இருக்குங்கறதை நாங்க நேர்ல பாக்கணும். மிருகத்தைக் கொண்டாங்க."

மறுநாள் மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் காவல்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"இது அந்த மட்டுப்படுத்தற மாத்திரை சாப்பிடற நாயா?"

"ஆமா."

"அப்ப உள்ள விட முடியாது. நோட்டீஸ் பாருங்க. நோய்ப்பட்ட மிருகங்க நடுவுல இது வரக்கூடாது. உங்க நாயோட நல்லதுக்குத்தான்."

"கொண்டாராட்டி மாத்திரை இல்லைன்னு மாடியில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களே."

"அது மாடி நோட்டீஸ். இது வாசல் நோட்டீஸ்."

இரண்டிலும் ஒரே தலைமை டாக்டர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைச் சொன்னேன். வாசல்காரர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "இதுல மசி நீலம், அதுல கறுப்பு" என்றார்.

சொல்லி அனுப்பினோம். செயலாளர் ஒரு பூதக்கண்ணாடியும் அடிக்கோலும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். வாசலில் பதித்திருந்த இரும்புப் பட்டைக்கு உள்பக்கம் நின்றுகொண்டார்.

"கொஞ்சம் வெளிய வந்து பாருங்கய்யா."

"பட்டையைத் தாண்டினா நான் லீவு போட்டதா ஆயிடும்."

"அப்ப நாயை உள்ள விடச் சொல்லுங்க."

"அது என் அதிகாரத்துல இல்லை."

வாசல்காரர் நல்ல மனிதர். யோசித்து ஒரு வழி சொன்னார். நோட்டீஸில் 'மிருகம் உள்ளே வரக் கூடாது' என்றுதான் இருக்கிறது. மிருகத்தின் மூக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் மேஸ்திரியை வெளியே படுக்க வைத்து, மூக்கை மட்டும் பட்டைக்கு உள்ளே நீட்ட வைத்தோம். கண் இரண்டும் வெளியே இருக்கிறதா என்று வாசல்காரர் குனிந்து சரிபார்த்தார். செயலாளர் உட்கார்ந்து மூக்கை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்தார். மேஸ்திரிக்கு வேலை நடக்கிற இடத்தில் அப்படியொரு நிம்மதி, அசையவே இல்லை. அளந்து முடித்ததும் அவர் கண்ணாடி முழுக்கத் தும்மியது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவர் எழுதினார்: 'புண் இல்லை.'

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "மனு தள்ளுபடி."

"ஏன்யா?"

"நல்ல சேதி சொன்னா ஏன் மூஞ்சி தொங்குது? புண் இல்லாத நாய்க்குப் புண்ணு மாத்திரை எப்படிக் கொடுக்கறது?"

"மாத்திரை சாப்பிடறதாலதான் புண் இல்லை."

"அது உங்க அபிப்பிராயம். எழுதிக் கொடுங்க, அபிப்பிராயப் பெட்டியில போட்டுடறேன்."

"நான் குழாய்க்காரன். ஒழுகற இடத்துல அடைப்பு வைக்கிறேன். ஒழுகல் நிக்குது. ஒழுகலையே, அடைப்பு எதுக்குன்னு பிடுங்குவீங்களா?"

"அது குழாய்த் துறை" என்றார். "நாம அதுல தலையிடக் கூடாது."

"மாத்திரை நின்னா புண் வந்துடும்யா."

"வரட்டும். வந்ததும் கொண்டாங்க, அன்னிக்கே மனுவை எடுத்துக்கறேன். இருபத்தோரு நாள்ல முடிவு சொல்லிடுவோம்."

"அதுக்குள்ள நாய் செத்துப் போயிடும்."

"அப்ப மனு தன்னால முடிஞ்சிடும். நீங்க வந்து அலைய வேண்டியதில்லை."

அவர் இதை ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் குரலில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. கெட்டவனாக இருந்தால் கையை முறுக்கலாம். இவரை என்ன செய்வது?

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது மாத்திரை இருந்தது. என் வீட்டுக்காரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க வாயைக் குடுத்திருப்பீங்க."

"இல்லடி."

"குழாய் உவமானம் சொன்னீங்களா?"

"... சொன்னேன்."

"அதான். நாளைக்கு நானும் வர்றேன். நீங்க பேசாம நிக்கணும்."

மறுநாள் முதலில் சின்ன டாக்டரம்மாவைத்தான் பார்த்தோம். அவள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்து மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "என்னால எழுதத்தான் முடியும் தாத்தா. கொடுக்கறது அவங்க. மூணு தடவை எழுதி அனுப்பிட்டேன். கையெழுத்து அழகா இருக்குன்னு பாராட்டி அனுப்பியிருக்காங்க" என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "வேற வழியே இல்லைன்னா ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்து இழுங்க. முழுசா மட்டும் நிறுத்திடாதீங்க."

"எத்தனை நாளைக்கும்மா இழுக்க முடியும்?" என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் பையிலிருந்து சீட்டை எடுத்து நாலாவது தடவையாக எழுத ஆரம்பித்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தோம். எங்கள் மறுமனுவைப் பார்க்கக் குழு பத்து நாள் கழித்துத்தான் கூடியது. அப்போது நாலு மாத்திரை மிச்சம். எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேஜை. ஒரு பக்கம் ஏழு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அறையில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது அவர் ஒருவர்தான். நடுவில் தலைமை டாக்டர். தொட்டால் கறை படும் என்பது போல் ஒரு வெள்ளைக் கோட்டு. அவர் பேச ஆரம்பித்தார். நல்ல குரல்.

"பெரியவரே, ஒரு மருந்து அலமாரியில இருக்கிற வரைக்கும் அதனால யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததா சரித்திரம் இல்லை. இந்தக் குழு வந்த பிறகு பக்கவிளைவுன்னு ஒரு புகார்கூடக் கிடையாது. காரணம் என்ன? ஒரு மாத்திரைகூட வெளியே போகல!"

விழித்திருந்த மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

"அப்ப வியாதி?" என்றாள் என் வீட்டுக்காரி.

"வியாதி எங்க பொறுப்புல வராதும்மா. நாங்க மருந்துக் குழு. ஆனாலும் சொல்றேன், கேளுங்க. போன வருஷம் இந்த வியாதின்னு நூத்திப் பத்து மிருகம் வந்துச்சு. இந்த வருஷம் பதினொண்ணு. எப்படிக் குறைஞ்சது? வந்தா மாத்திரை கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் வியாதியே பயந்து பின்வாங்கிடுச்சு. இதை நாங்க உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியிருக்கோம்."

ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் விரலைத் தூக்கினார். "முன்ன வாங்கின மாத்திரையை நாய்தான் சாப்பிட்டுச்சுன்னு என்ன அத்தாட்சி? இவர் சாப்பிடலைங்கறதுக்கு?"

எல்லாரும் என் தோலைப் பார்த்தார்கள்.

"இவருக்குத் தோல் ரொம்பத் தடிப்புங்க" என்றாள் என் வீட்டுக்காரி. "நாப்பது வருஷமா நான் சொல்ற எதுவுமே உள்ள இறங்கினதில்லை. மாத்திரையா இறங்கப் போகுது?"

அதைச் செயலாளர் எழுதிக்கொண்டார்.

தலைமை டாக்டர் ஃபைலைப் புரட்டினார். 'புண் இல்லை' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. முகத்தில் வெளிச்சம் வந்தது. இன்னொரு தடவை படித்தார்.

"புண் இல்லையா? அந்த வியாதி வந்த நாய்க்கா? இப்ப இல்லையா?"

"இல்லைங்க ஐயா, நானே அளந்தேன்" என்றார் செயலாளர்.

"பதினொண்ணுல ஒண்ணு குணம்!" அவர் எழுந்தே விட்டார். "நம்ம ஆஸ்பத்திரியில! திங்கட்கிழமை மேலிடத்து அம்மா சுத்திப் பாக்க வர்றாங்க. காட்டறதுக்கு என்ன இருக்குன்னு ஒரு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தேன். பெரியவரே, உங்க நாய்க்குப் பூரண குணச் சான்றிதழ் கொடுக்கறோம். கண்ணாடிச் சட்டம் போட்டு."

"சட்டம் போட்ட காகிதத்தை நாய் திங்காதுங்க" என்றேன். பேசாமல் நிற்கிறேன் என்று கொடுத்த வாக்கு அதோடு போயிற்று. "மாத்திரை கொடுங்க."

"குணமான நாய்க்கு மாத்திரையா?" அவர் சிரித்தார். "நீங்க வேற."

திங்கட்கிழமை காலை இரண்டு மாத்திரைதான் இருந்தது. மேஸ்திரியின் மூக்கில் இடது ஓரத்தில் அரிசி அளவுக்கு மஞ்சள் பொருக்கு. முன்னங்கால் ஒன்றை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

"அந்தம்மாகிட்ட நேர்ல கேட்டுடலாம்" என்றாள் கடைசியில். "கால்ல விழச் சொன்னாலும் விழுந்துடலாம்."

நாயைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசல்காரர் இந்த முறை சலாம் வைத்தார். பூரண குணமான நாய் அந்த மாத்திரையைச் சாப்பிடாது. ஆகையால் நோட்டீஸ் அதற்குப் பொருந்தாது என்றார். உள்ளே நோய்ப்பட்ட மிருகம் ஒன்றும் இல்லை. மேலிடத்திலிருந்து வருகிறார்கள் என்பதால் ஆஸ்பத்திரியில் நோயாளி யாரும் இருக்கக் கூடாது என்று காலையிலேயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். பூனைக்காரம்மா மட்டும் பெஞ்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்றுவிட்டாள். அவளைப் பார்வையாளர் என்று எழுதிக்கொண்டார்கள்.

மேடை போட்டிருந்தார்கள். தலைமை டாக்டர் மேஸ்திரியின் மூக்கைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனார்.

"இந்தப் பக்கம் காட்டாதீங்க. வலது பக்கமாத் திருப்பிப் பிடிங்க. ஃபோட்டோவுக்கு வலதுதான் லட்சணம்."

மேலிடத்து அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். நின்ற இடத்தில் நிற்காத ஆள். நடந்துகொண்டே கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்பார். தலைமை டாக்டர் அரைமணி நேரம் பேசினார். இந்த ஆஸ்பத்திரியில் அந்த வியாதி ஒழிந்தது என்றார். மருந்து இல்லாமலே ஒழிந்தது என்றார். எங்கள் மேஸ்திரியைக் கையால் காட்டினார். நான் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரி பேச வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா கேட்டார்:

"அந்த மாத்திரை ஸ்டாக்குல எவ்வளவு இருக்கு?"

"அறுநூறு இருக்குங்கம்மா! ஒண்ணுகூடக் குறையல!" தலைமை டாக்டரின் மார்பு விரிந்தது.

"வியாதியே ஒழிஞ்ச இடத்துல அறுநூறு மாத்திரை எதுக்கு?"

தலைமை டாக்டர் செயலாளரைப் பார்த்தார்.

"ஆபத்தான மருந்து. கண்ட கையில கிடைச்சா யார் பொறுப்பு? இன்னிக்கே அகற்றுங்க. நான் கிளம்பறதுக்குள்ள அறிக்கை என் கைக்கு வரணும்."

என் வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் இறங்கியது. அறுநூறு மாத்திரை. எங்கள் கண் முன்னால். சின்ன டாக்டரம்மா சுவரோடு சாய்ந்து நின்றாள். சன்னல்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார். அப்போதுதான் அந்த மாத்திரைப் பெட்டியை நான் முழுசாகப் பார்த்தேன். செருப்புப் பெட்டி அளவுதான்.

"கழிவறையில கொட்டித் தண்ணி ஊத்திடலாம்" என்றார் தலைமை டாக்டர்.

"கொட்டுங்க" என்றேன் நான். "இந்தக் கட்டடத்துக்குக் குழாய் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அந்தக் குழாய் பின்பக்கம் வெடிச்சுக் கிடக்கு. தண்ணி நேரா பின்னால இருக்கிற உங்க வீட்டுக் கிணத்துக்குத்தான் போகுது."

அவர் பெட்டியை மூடினார்.

"புதைச்சிடலாம்" என்றார் செயலாளர். உடனே அவரே கையேட்டைப் புரட்டி, மண்ணில் சேரக் கூடாது என்று இருப்பதைப் படித்தார். எரிக்கலாம் என்றார் ஓரத்து உறுப்பினர். புகை ஆகாது என்று இருந்தது. மனிதர் தொடக் கூடாது, நீரில் சேரக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. படிக்கப் படிக்கத் தலைமை டாக்டருக்கு வேர்த்தது. மேலிடத்து அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்கதான் சேரலாம்னு போட்டிருக்கு?"

செயலாளர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "'இம்மருந்து, தகுந்த அளவில், எந்த நோய்க்கு ஆனதோ அந்த நோய் கண்ட மிருகத்தின் உடலைத் தவிர வேறெங்கும் சேரலாகாது.'"

"அப்ப அங்க சேத்துடுங்க."

"முடியாதுங்கம்மா" என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டார் தலைமை டாக்டர். "நாய் குணமாயிடுச்சு. சான்றிதழ் கொடுத்துட்டோம். குணமான நாய்க்கு மருந்து கொடுக்கறது விதிக்கு விரோதம்."

அப்போது என் வீட்டுக்காரி என் கையை விட்டுவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மருந்தா யாருங்க கேட்டது?" என்றாள். "குப்பையாக் கொடுங்க. எங்க நாயில போட்டுக்கறோம்."

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் கண்ணைத் திறந்து, "விதிப்படி சரி" என்றார். அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மேலிடத்து அம்மா நடப்பதை நிறுத்தினார். "ஒரு நாளைக்கு எவ்வளவு அகற்றலாம்?"

எல்லாரும் சின்ன டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவள் சுவரிலிருந்து நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"இந்த இடத்துல ஒரு நாளைக்கு ஒண்ணு. அதுக்கு மேல கொள்ளாது. மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து இடத்தைப் பரிசோதிக்கணும். நான் பாத்துக்கறேன்."

"வேற இடம் இருக்கா? சீக்கிரம் முடியணும்."

"இருக்கு!" என்று பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. பூனைக்காரம்மா பூனையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது சின்ன இடம்" என்றாள் சின்ன டாக்டரம்மா. "அதுக்கு அளவு வேற. எழுதித் தர்றேன்."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மேஸ்திரிக்கு 'அகற்றல் இடம் எண் ஒன்று' என்று கழுத்தில் தகடு மாட்டினார்கள். பூனை எண் இரண்டு. நான் முப்பது மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டேன். என்னை 'இடப் பொறுப்பாளர்' என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. வீட்டுக்கு வந்ததும் கையில் உறை போட்டுக்கொண்டு அன்றைய குப்பையை மேஸ்திரியின் வாயில் போட்டோம். அது துப்பியது. மறுபடி போட்டோம்.

மாடியில் மாட்டிய பலகையை யாரும் கழற்றவில்லை. 'வழங்கலை மட்டுப்படுத்தும்' என்பதற்கு மேலே காகிதம் ஒட்டி 'அகற்றலை விரைவுபடுத்தும்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதினொன்றில் மிச்சம் ஒன்பதையும் தேடிப் பிடித்து எண் போட்டாயிற்று. புதிதாக வருகிற மிருகங்களுக்கு அன்றே தகடு. முன்பு முடிவு சொல்லவே இருபத்தோரு நாள் கேட்ட செயலாளர், இப்போது ஒருநாள் தவறினால் வீட்டுக்கு ஆள் அனுப்பி, ஏன் இன்னும் அகற்றவில்லை என்று கேட்கிறார். இரும்புப் பட்டையைத் தாண்டவும் அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மாதம் ஒருமுறை இடங்களை நேரில் பார்வையிட வேண்டுமாம்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி தெருவில் யாரோ கேபிள் புதைப்பதை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டோம். நாலு காலையும் ஊன்றி, அவசரம் இல்லாமல் நடந்து வந்தது. மூக்கு கறுப்பாக, ஈரமாக மின்னியது. செயலாளர் சுற்றிவந்து பார்த்து எழுதினார்: 'இடம் நல்ல நிலையில் உள்ளது. மயிர் அடர்த்தி.' பிறகு ஒரு கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. குழப்பத்தோடு என் வீட்டுக்காரியைப் பார்த்தார்.

"இந்த இடம் எப்ப நிறையும்னு ஒரு கேள்வி இருக்கும்மா. ஸ்டாக் இன்னும் கொஞ்ச நாள்ல தீர்ந்துடும். அதுக்குள்ள நிறைஞ்சிடுமா?"

அவள் மேஸ்திரியின் காதைச் சொறிந்தாள்.

"அது நிறையாதுங்க" என்றாள். "இன்னிக்குப் போட்டா நாளைக்குக் காலையில காலியா வந்து நிக்கும்."

அவர் கவலையோடு தலையை ஆட்டிக்கொண்டு, கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: 'நிறையும் அறிகுறி இல்லை. அகற்றும் பணி தடைபடாதிருக்க, மேலும் அறுநூறு மாத்திரை உடனே தேவை.'